மூன்று எட்டுக்குள் ஒரு மேசை

நிலம் ஆடினால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம், படியிறங்கி ஓடுவது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, சென்னையில் பல அலுவலகங்களும் அடுக்ககங்களும் காலியாகித் தெருவுக்கு வந்தன. அன்று இங்கே ஒன்றும் இடியவில்லை. ஆகவே ஓடியது சரிதான் என்று மனத்தில் பதிந்துபோனது. அடுத்த முறை அதிர்வு பக்கத்திலிருந்தே வந்தால் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும்.

ஓடும் பாதையை நிதானமாகப் பார்த்தால் காரணம் புரியும். முதலில் மாடிப்படி. இரண்டு தளங்களுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் கான்கிரீட் பலகை அது. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது தூண்கள் வளைந்து கொடுக்கும். சாய்ந்து கிடக்கிற படி வளையாமல் முட்டுக்கொடுக்கும். முட்டுக்கொடுக்கிற உறுப்புக்குத்தான் விசையும் கூடுதலாக வந்து சேரும். எனவே கட்டடத்தின் மற்ற பகுதிகள் தாக்குப்பிடித்த இடங்களிலும் படிக்கட்டு மட்டும் விரிசல் விட்டு நிற்பதைப் பார்க்கலாம். படியைத் தாண்டினால் தரைத்தளம். நம் அடுக்ககங்களில் அது பெரும்பாலும் கார் நிறுத்தும் இடம்: வெறும் தூண்கள், சுவர் கிடையாது. சுவர் அடைத்த மேல்தளங்கள் பெட்டிபோல் விறைப்பாக நிற்க, ஆட்டம் முழுவதையும் கீழே உள்ள தூண்கள் வாங்கிக்கொள்ளும். 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் கட்ச் பகுதியில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் சரிந்த அடுக்ககங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மூன்றாவது, வாசலைத் தாண்டியதும் வரும் முதல் சில மீட்டர். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், சன்ஷேடு, ஏ.சி.யின் வெளி யூனிட், ஜன்னல் கண்ணாடி, பால்கனித் தொட்டிச் செடி எல்லாம் விழுவது அங்கேதான். 2003 டிசம்பர் 22 அன்று கலிபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸ் ஊரில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றிலிருந்து வெளியே ஓடிய இரண்டு பெண்கள் இடிந்து விழுந்த கட்டடப் பகுதியில் சிக்கி இறந்தார்கள். உள்ளேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இறந்த 185 பேரில் சுமார் 40 பேரின் உயிரைப் பறித்தவை பழைய செங்கல் கட்டடங்களின் சுவர்களும் முகப்புகளும். அவர்களில் பலர் நடைபாதையிலும் பேருந்திலும் இருந்தவர்கள்.

ஆகவே ஓட்டம் என்பது கட்டடத்தின் நலிந்த மூன்று இடங்களை வரிசையாகக் கடந்துபோவது, அதுவும் அது ஆடிக்கொண்டிருக்கும்போதே. பலத்த ஆட்டத்தில் இரண்டு கால்களில் நிற்கவே முடியாது என்பது வேறு. கான்கிரீட் சட்டகத்தில் கட்டிய வீட்டில் இருப்பவர் நகர வேண்டியது இரண்டு மூன்று எட்டு. அதற்குள் கிடைக்கிற நல்ல இடம்தான் இடம். பக்கத்து அறையில் இதைவிட உறுதியான மேசை இருக்கிறதே என்று போகக் கூடாது.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? நிலநடுக்கத்தில் முதலில் வருவது முதன்மை அலை: ஜன்னல் கடகடக்கும், கீழே லாரி போவதுபோல் ஓர் உறுமல். ஆளைத் தள்ளும் இரண்டாவது அலை பின்னால் மெதுவாக வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, மையத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு ஒரு விநாடி. மையம் 40 கிலோமீட்டரில் இருந்தால் ஐந்து விநாடி. இமயமலை அடிவாரத்தில் அதிர்ந்து நீங்கள் 240 கிலோமீட்டர் தள்ளி டெல்லியில் இருந்தால் அரை நிமிடம். காலடியிலேயே மையம் என்றால் எதுவும் கிடையாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் நிலநடுக்க எச்சரிக்கை இந்தியாவில் 2023 முதல் உண்டு. அதுவும் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறது. எச்சரிக்கை ஒலித்ததும் அதை வாசித்துக்கொண்டு நிற்காமல் மண்டியிடுவதுதான் அதற்குரிய மரியாதை.

மண்டியிடு, மறைந்துகொள், பிடித்துக்கொள். உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது இந்த மூன்றைத்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நாமாகவே மண்டியிட்டால் ஆட்டம் நம்மைக் கீழே வீழ்த்தாது. கை, முழங்காலில் தவழ்ந்து நகரவும் முடியும். குப்புறப் படுத்துவிட்டால் நகர முடியாது, உடம்பும் முழுநீளத்துக்கு விழுகிற பொருளுக்கு இலக்காகும். மறைய வேண்டியது முதலில் தலையும் பிடரியும்: ஒரு கை பின்கழுத்தில். மற்றொரு கை மேசைக்காலில். பிடித்துக்கொள்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் மேசை ஒரு மீட்டர் நகர்ந்துபோவது ஒன்றும் பெரிதில்லை. காலைப் பிடித்திருந்தால் மேசையோடு நீங்களும் போவீர்கள், விட்டிருந்தால் அது போய்விடும், நீங்கள் வெட்டவெளியில். முகம் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

எந்த மேசை? கண்ணாடிப் பலகை போட்ட உணவு மேசையும் டீப்பாயும் கணக்கிலேயே இல்லை. மடக்கு மேசை சந்தேகம். நான்கு காலும் பலகைக்கு அடியில் சட்டத்தால் பிணைக்கப்பட்ட மரமேசையோ, அலுவலக இரும்பு மேசையோ நல்லது. மேலே ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்து பக்கவாட்டில் அசைத்தாலும் கால் பிதுங்காமல் இருக்க வேண்டும். அடியில் அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் அடைத்து வைத்திருந்தால் அது மேசை இல்லை, பரண். சமையல் மேடைக்கு அடியில் புகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. செங்கல் கட்டின்மேல் பரப்பிய கிரானைட்டோ கடப்பா கல்லோ வளையத் தெரியாதது. விரிசல் விட்டால் அப்படியே இரண்டாக விழும். பக்கத்தில் சிலிண்டர் வேறு.

மேசையே இல்லாத அறைகள்தான் நம் வீடுகளில் அதிகம். அப்போது ஜன்னல், கண்ணாடி, அலமாரி இல்லாத உட்சுவரை ஒட்டி, முடிந்தால் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், மண்டியிட்டுக் குனிந்து இரு கைகளாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்வது. மூலை ஏன்? இடையில் எழுப்பும் நாலரை அங்குலச் சுவர் நீளமாகத் தனியே நின்றால் ஆட்டத்தில் குறுக்காகச் சாயக்கூடும். ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோத்துக் கட்டிய இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தாங்கும். ஆனால் தலைக்கு மேலேயும் பாருங்கள். நம் படுக்கையறை மூலைகளுக்கு மேலே பெரும்பாலும் லாஃப்ட். அதில் பித்தளை அண்டாவும் கிரைண்டர் கல்லும் இருந்தால் அது மோசமான மூலை. தலையணை, பள்ளிப்பை, தடித்த போர்வை எது கைக்கு எட்டினாலும் தலைக்கு மேல்.

இனி நிலைவாசல். அதில் போய் நின்றால் பத்திரம் என்ற நம்பிக்கை வந்த வழி சுவாரசியமானது. கலிபோர்னியாவின் பழைய பச்சைச்செங்கல் வீடுகள் இடிந்தபோது மரக்கதவு நிலை மட்டும் தனியாக நின்ற காட்சிகளிலிருந்து பரவியது என்பார்கள். அந்த வீடுகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய கான்கிரீட் வீட்டில் நிலை என்பது அடைப்புச் சுவரில் பொருத்திய வெறும் சட்டம். எடையைத் தாங்குவது தூணும் உத்தரமும். நிலையில் நிற்பவர் தலைக்கு மறைப்பும் கிடையாது, கதவு வேறு ஆடி விரலை நசுக்கும். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அறிவுரையில் நிலைவாசலுக்கு இடம் உண்டுதான். ஆனால் அருகிலேயே இருக்க வேண்டும், சுமைதாங்கும் உறுதியான வாசல் என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. அது தெரிந்தவர் மேஸ்திரியாகத்தான் இருப்பார்.

வாட்ஸப்பில் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்த்தெழும் ‘உயிர் முக்கோணம்’ இன்னொன்று. மேசைக்கு அடியில் போகாதே, சோபாவுக்குப் பக்கத்தில் சுருண்டு படு, கூரை விழுந்தால் அங்கே முக்கோண இடைவெளி மிஞ்சும் என்பது அதன் வாதம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, தூண்களை இயந்திரத்தால் உடைத்துக் கட்டடத்தை நேர்க்கீழாகச் சரியவிட்ட ஒரு சோதனை. அதில் பக்கவாட்டு ஆட்டமே இல்லை. உண்மையான நிலநடுக்கத்தில் சோபாவும் கட்டிலும் முதலில் அறைக்குள் அலையும். பக்கத்தில் படுத்தவரை அவையே நசுக்கும். எந்த இடைவெளி மிஞ்சும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் அந்நாட்டு நிலவியல் ஆய்வகமும் இதை வெளிப்படையாக மறுத்திருக்கின்றன. இதைவிட முக்கியமானது: பெரும்பாலான நிலநடுக்கங்களில் பெரும்பாலான கட்டடங்கள் விழுவதில்லை. ஆட்கள் அடிபடுவது அலமாரி, டிவி, கண்ணாடி, காரை இவற்றால்தான். மேசை காப்பது அவற்றிலிருந்து.

கட்டடமே விழுந்தால்? உண்மையைச் சொல்ல வேண்டும்: அப்போது மேசை காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம். அந்தக் கேள்விக்கு விடை தளம் போட்ட அன்றே எழுதப்பட்டுவிட்டது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனைகள் 135 பாகைக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தர விதி. 90 பாகையில் விட்டால் ஆட்டத்தில் ரிங் திறந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் பிதுங்கும், தூண் நொறுங்கும். வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் கடையில் செலவிடும் நேரத்தில் கால்வாசியைக் கம்பி கட்டும் நாளில் செலவிடலாம்.

இப்போது பீரோ. நம் வீடுகளில் நிலநடுக்கத்துக்காகவே செய்துவைத்ததுபோல் இருக்கும் பொருள் அதுதான். ஒரு பெட்டி கவிழுமா என்பதற்கு எளிய கணக்கு உண்டு: அடி ஆழத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஒரு பங்கு. தரையின் ஆட்டம் அதைத் தாண்டினால் கவிழத் தொடங்கும். சாதாரண இரும்பு பீரோ 198 சென்டிமீட்டர் உயரம், 48 சென்டிமீட்டர் ஆழம். வகுத்தால் 0.24. நம் ஐ.எஸ். 1893 விதி 2002இல் வகுத்த நிலநடுக்க மண்டலங்களில் சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம், எண் 0.16. டெல்லி நான்காம் மண்டலம், 0.24. குவாஹாட்டியும் போர்ட் பிளேரும் ஐந்தாம் மண்டலம், 0.36. ஆக போர்ட் பிளேரில் தரைத்தளத்திலேயே பீரோ விழலாம். சென்னைக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன் ஒன்று: இவை தரையின் ஆட்டத்துக்கான எண்கள். மேல்தளங்களில் ஆட்டம் இரண்டு மடங்காவது சாதாரணம். நான்காம் மாடியில் 0.16 என்பது 0.32 ஆகிவிட்டால் பீரோவின் 0.24 போதாது. இது தோராயக் கணக்குதான். ஆனால் எந்தப் பொருளுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று காட்டிக்கொடுக்கும். 120 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள சிறு குளிர்பெட்டிக்கு விடை 0.5, அது கவிழ்வதைவிட நகர்வதற்கே வாய்ப்பு அதிகம். பீரோமேல் இரண்டு சூட்கேஸை ஏற்றினால் எடைமையம் மேலே போகும், 0.24 இன்னும் குறையும்.

தடுப்பது எளிது. ஹார்டுவேர் கடையில் இரண்டு எல் ஆங்கிள் வாங்கி, பீரோவின் மேல்விளிம்பில் இரு ஓரங்களிலும் வைத்துச் சுவரோடு முடுக்க வேண்டும். தவறு நடப்பது துளையில். பூச்சு மட்டும் 12 முதல் 15 மில்லிமீட்டர் கனம். சின்னப் பிளக்கைப் பூச்சுக்குள்ளேயே நிறுத்தினால் முதல் இழுப்பில் காரையோடு கையில் வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 50 மில்லிமீட்டர் போக வேண்டும், அதுவும் செங்கல்லின் நடுவில், சாந்து இணைப்பில் அல்ல. துளை போட வீட்டுக்காரர் விடவில்லையென்றால் ஜப்பானில் செய்வதுபோல் முன்கால்களுக்கு அடியில் மெல்லிய ஆப்பு வைத்து பீரோவைச் சுவர்மேல் சற்றே சாயவிடலாம்; ஆங்கிளுக்கு ஈடாகாது, சும்மா விடுவதைவிட மேல். கனமானவை கீழ்த்தட்டில், மேலே எதுவும் வேண்டாம், கதவு பூட்டியே இருக்கட்டும்.

பீரோவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் தூக்கம். பெருநடுக்கம் வந்த நேரங்களைப் பாருங்கள்: 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் அதிகாலை 3.56, 1995இல் ஜப்பானின் கோபேயில் அதிகாலை 5.46, 2023இல் துருக்கியில் அதிகாலை 4.17. கோபேயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீடும் சாமானும் மேலே விழுந்து நசுங்கியோ மூச்சடைத்தோ இறந்தவர்கள். கட்டிலில் இருப்பவர் கட்டிலிலேயே குப்புறத் திரும்பித் தலையணையால் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்வது நல்லது. இருட்டில் இறங்கினால் உடைந்த கண்ணாடியில் கால் வைப்பதுதான் நடக்கும். கட்டிலுக்கு நேர்மேலே கனமான அலங்கார விளக்கோ, தலைமாட்டில் சட்டமிட்ட சாமி படமோ இருந்தால் இந்த வாரமே இடம் மாற்றுங்கள். பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு வேறு கணக்கு: பீரோவின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளிப் படுக்க வேண்டும். ஆறரை அடிப் பீரோவுக்கு ஆறரை அடி. அறையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் பீரோ விழுகிற திசையில் தலை வேண்டாம், அதன் பக்கவாட்டில் படுக்கலாம். கட்டிலின் காலில் ஒரு பையைக் கட்டி அதற்குள் செருப்பும் டார்ச்சும். கட்டாமல் தரையில் வைத்த செருப்பு ஆட்டம் நின்றபின் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

சமையலறையில் இருந்தால் கையெட்டும் தூரத்தில் திருகு இருந்தால் அணைத்துவிட்டு அடுப்பைவிட்டு விலகுங்கள். எட்டாவிட்டால் அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம். கொதிக்கிற குழம்பும் எண்ணெயும் தளும்பி மேலே கொட்டும். 1923 செப்டம்பர் 1 நண்பகலில், சமையல் நேரத்தில், டோக்கியோ வட்டாரம் அதிர்ந்து, பரவிய தீயோடு சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் தலைமுறை தலைமுறையாக ‘முதலில் தீயை அணை’ என்றே ஜப்பானியருக்குச் சொல்லித்தந்தார்கள். இன்று அங்கேயே அறிவுரை மாறிவிட்டது: முதலில் உன்னைக் காத்துக்கொள், ஆட்டம் நின்றபின் தீயைப் பார். அங்கே எரிவாயு மீட்டர் பலத்த ஆட்டத்தில் தானே அடைத்துக்கொள்ளும். நம் சிலிண்டருக்கு அந்த வசதி கிடையாது. ஆட்டம் நின்றதும் ரெகுலேட்டரை மூடுவது நம் வேலை. வாசனை வந்தால் சுவிட்சையும் தீக்குச்சியையும் தொடவே வேண்டாம்.

முழங்கால் மடங்காத பெரியவர்களைத் தரையில் இறக்கப் போராடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து கைகளால் பிடரியை மூடினால் போதும். சக்கர நாற்காலி என்றால் முதலில் சக்கரங்களைப் பூட்டிவிட்டு அதையே செய்வது. கைக்குழந்தை இருந்தால் அதை உடம்புக்கு அடியில் அணைத்து அதன்மேல் கவிழ்ந்துகொள்வது. குளியலறை சின்ன அறை, பத்திரம் என்று சிலர் நினைப்பார்கள். சுவரில் 15 லிட்டர் கீசர், எதிரே கண்ணாடி, மேலே லாஃப்ட்: அங்கே மாட்டிக்கொண்டால் தலையை மூடிக்கொள்ளுங்கள், தேடிப்போக வேண்டாம். மேல்தளத்துக்காரர்கள் மொட்டைமாடித் தொட்டி எந்த அறைக்கு மேலே நிற்கிறது என்று பார்த்துவைப்பது நல்லது. ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன்.

உயரமான கட்டடங்களின் ஆட்டம் வேறு மாதிரி. ஒரு தளத்துக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு: முப்பது மாடி ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒருமுறை ஊஞ்சலாடும். தொலைதூரத்துப் பெருநடுக்கங்களின் நீண்ட அலைகள் இந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும். அதனால்தான் 2025 மார்ச் 28 அன்று மியான்மர் அதிர்ந்தபோது சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் வானளாவிகள் ஆடின, கட்டிக்கொண்டிருந்த ஒன்று விழுந்தது. அப்படி ஆடும் தளத்தில் ஜன்னலோரத்தைவிட்டு நடுப்பகுதிக்கு நகர்ந்து, சக்கரம் வைத்த சாமான்களிலிருந்து விலகி, உட்கார்ந்துவிடுவது சரி. ஆட்டம் நிமிடக்கணக்கில் நீளலாம். லிஃப்டுக்குள் இருப்பவர் எல்லாத் தளப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் நிற்கும் தளத்தில் வெளியேற வேண்டும்.

இவ்வளவும் கான்கிரீட் வீட்டுக்கு. மண்சாந்தில் கட்டிய கருங்கல் வீடு, மண்சுவர் வீடு, மண் பரப்பிய கனத்த கூரை என்றால் விதி தலைகீழ். கில்லாரியில் அப்படித்தான் இருந்தது: இரண்டடிக்கு மேல் தடித்த கல்சுவர், மரச்சட்டத்தின்மேல் அடுக்கடுக்காக மண். 6.2 என்ற நடுத்தர அளவு அதிர்வுக்கே சுவர் பிளந்து கூரை இறங்கி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் போனார்கள். அத்தகைய வீட்டில் தரைத்தளத்தில், வாசல் சில எட்டுகளில், வெளியே திறந்த முற்றமோ களமோ இருந்தால் ஓடுவதுதான் சரி. எதிரே குறுகிய சந்தும் அதற்கப்பால் அதே மாதிரிக் கல்சுவரும் என்றால் ஓடியும் பயனில்லை. உறுதியான மரக்கட்டிலோ மேசையோ இருந்தால் அதன் அடியில். மெக்சிகோ நகரத்தில் தரைத்தளத்துக்காரர்கள் எச்சரிக்கைச் சங்கு கேட்டதும் வெளியேறப் பழகியிருப்பதற்குக் காரணம், பசிபிக் கரையில் பிறக்கும் அதிர்வு அங்கே வந்துசேர ஒரு நிமிடம் வரை ஆவது. 2017 செப்டம்பர் 19 அன்று மையம் 120 கிலோமீட்டரிலேயே இருந்தது. அன்று காலைதான் ஒத்திகை நடந்திருந்தது, ஆனால் சங்கும் ஆட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

ஆட்டம் நின்றபின் வெளியேறலாம்: செருப்பு போட்டு, சிலிண்டரை மூடி, படியை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாசலைத் தாண்டியதும் சுவரோரம் நிற்காமல். அந்தமான் போன்ற கடலோரத்தில் பலத்த ஆட்டம் 20 விநாடிக்கு மேல் நீடித்தால் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு. விரிசல் விட்ட வீட்டுக்குள் கைப்பேசிச் சார்ஜரை எடுக்கத் திரும்பவே கூடாது. ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 9.26க்கு வந்ததைத்தான் முதன்மை நடுக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதைவிடப் பெரியது 28 மணி நேரம் கழித்து வந்தது, நள்ளிரவு தாண்டி 1.25க்கு. முதல் ஆட்டத்துக்குப் பின் வீட்டுக்குத் திரும்பிப் படுத்தவர்களும் அதில் இறந்தார்கள்.